ராணுவ அகாடமிப் பட்டமும் தொழில்முறை விளையாட்டும்: இரண்டு கடமைகளையும் ஏற்பவருக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

2008 ஏப்ரலில், அமெரிக்காவின் வெஸ்ட் பாயின்ட் ராணுவ அகாடமியில் இறுதியாண்டு படித்துக்கொண்டிருந்த கேலெப் கேம்ப்பெல்லை, பந்தைக் கையில் ஏந்தி ஆடும் அமெரிக்கக் கால்பந்தின் தொழில்முறை அணியான டெட்ராய்ட் லயன்ஸ் டிராஃப்டின் ஏழாவது சுற்றில் தேர்ந்தெடுத்தது. கல்லூரி வீரர்களை அணிகள் ஆண்டுதோறும் முறைவைத்துத் தேர்ந்தெடுக்கும் நிகழ்வுக்கு அங்கே டிராஃப்ட் என்று பெயர். அப்போது நடைமுறையில் இருந்த தரைப்படை விதியின்படி, அணியில் இடம் கிடைத்தால் அவர் விளையாடிக்கொண்டே படையின் ஆள்சேர்ப்புப் பணிக்கு உதவலாம். அதை நம்பி அவர் டெட்ராய்ட் சென்றார். ஜூலையில் பயிற்சி முகாம் தொடங்குவதற்கு முந்தைய நாள், விதி மாறிவிட்டது என்றும் அவர் முழுநேரப் பணிக்குத் திரும்ப வேண்டும் என்றும் தகவல் வந்தது. 2010-ல் அவர் மீண்டும் லயன்ஸ் அணிக்கு வந்தபோது, ஒரு வீரரின் ஆட்டம் முதிர்ச்சி பெறும் இரண்டு ஆண்டுகள் கடந்துபோயிருந்தன. அதன்பின் அவரால் ஒருசில ஆட்டங்களுக்கு மேல் ஆட இயலவில்லை.

அவருக்கு இழப்பை உண்டாக்கியது விதியின் கடுமை அன்று. கடுமையான விதி என்று முன்பே தெரிந்திருந்தால் அதற்கேற்பத் திட்டமிட்டிருக்கலாம். நின்றுகொண்டிருந்த தரையே நகர்ந்துபோனதுதான் அவருக்கு நேர்ந்தது. இந்த வழிகாட்டியில் வரும் எல்லாப் படிகளும் அந்த அனுபவத்தை அடிப்படையாகக் கொண்டவை: கடப்பாட்டை முழுமையாக நிறைவேற்றுவதாகவே திட்டமிடுங்கள், சலுகை கிடைத்தால் அதை ஏற்றுக்கொள்ளுங்கள், சலுகையையே திட்டமாக வைத்துக்கொள்ளாதீர்கள்.

இந்தியச் சூழலில் வளர்ந்த வாசகருக்கு இச்சிக்கல் முதலில் புதிராகத் தோன்றலாம். நம் நாட்டில் படையே விளையாட்டு வீரரைத் தேடிச் சென்று வேலை கொடுக்கிறது. ஈட்டி எறிதல் வீரர் நீரஜ் சோப்ரா 2016-ல் ராஜ்புதானா ரைஃபிள்ஸ் படைப்பிரிவில் நாயப் சுபேதாராகச் சேர்ந்தார். அவருக்கு விளையாட்டும் பணியும் எதிரெதிர்த் திசையில் இழுக்கவில்லை. அமெரிக்காவில் தொழில்முறை அணிகள் தனியார் நிறுவனங்கள். படை அதிகாரியின் நேரம் அரசுக்குச் சொந்தம். அணி வீரரின் நேரம் முதலாளிக்குச் சொந்தம். ஒருவரின் இருபத்து மூன்றாம் வயதை இருவரும் ஒரே சமயத்தில் கேட்கிறார்கள்.

முதல் படி: கையெழுத்திடும் நாள் எது என்பதை அறியுங்கள்

வெஸ்ட் பாயின்டில் உள்ள தரைப்படை அகாடமி 1802-லும், அன்னாபொலிஸ் நகரிலுள்ள கடற்படை அகாடமி 1845-லும், கொலராடோ ஸ்பிரிங்ஸ் அருகிலுள்ள விமானப்படை அகாடமி 1954-லும் நிறுவப்பட்டன. மூன்றிலும் கல்விக் கட்டணம் இல்லை; தங்குமிடமும் உணவும் இலவசம்; மாணவருக்கு மாதந்தோறும் ஊதியமும் உண்டு. அமெரிக்கக் குடியுரிமையும், பெரும்பாலும் நாடாளுமன்ற உறுப்பினர் ஒருவரின் பரிந்துரையும் பெற்றே இங்கு நுழைய முடியும். இதற்கு ஈடாகப் பட்டதாரி ஏற்கும் கடப்பாடு மொத்தம் 8 ஆண்டுகள். பொதுவாக அதில் 5 ஆண்டுகள் முழுநேரப் பணி, எஞ்சிய 3 ஆண்டுகள் ரிசர்வ் எனப்படும் பகுதிநேரக் காத்திருப்புப் பணி.

பலரும் கவனிக்கத் தவறுவது இந்தக் கடப்பாடு தொடங்கும் நாளைத்தான். அது பட்டமளிப்பு நாளில் தொடங்குவதில்லை. டிராஃப்ட் நாளிலும் தொடங்குவதில்லை. முதல் இரண்டு ஆண்டுகள் முடியும்வரை ஒரு மாணவர் எந்தக் கடனும் இன்றி அகாடமியைவிட்டு வேறு கல்லூரிக்குச் செல்லலாம். மூன்றாம் ஆண்டு தொடங்கும்போது அவர் உறுதிமொழிப் பத்திரத்தில் கையெழுத்திடுகிறார். அன்னாபொலிஸ் மாணவர்கள் இதை "ஏழுக்கு இரண்டு" என்பார்கள்: இன்னும் இரண்டு ஆண்டுப் படிப்பு, அதன்பின் ஐந்து ஆண்டுப் பணி, ஆக ஏழு. அதற்குப் பிறகு விலகினால், சாதாரணச் சிப்பாயாகப் பணியாற்றவோ கல்விச் செலவைத் திருப்பிக் கட்டவோ நேரிடலாம்.

கூடைப்பந்து வீரர் டேவிட் ராபின்சன் இந்த நாளைச் சந்தித்தபோது அவர் முன் உண்மையான தேர்வு ஒன்று இருந்தது. கடற்படை அகாடமியில் சேர்ந்தபின் அவர் மளமளவென்று வளர்ந்தார். இறுதியில் அவருடைய உயரம் 7 அடி 1 அங்குலம். இரண்டாம் ஆண்டு முடிவிலேயே அவர் ஒரு தொழில்முறை வீரராக வருவார் என்பது தெரிந்துவிட்டது. வெளியேறியிருந்தால் எந்தப் பெரிய கல்லூரி அணியும் அவரை ஏற்றிருக்கும். அவர் தங்கினார், கையெழுத்திட்டார், 1987-ல் பட்டம் பெற்றார்.

எனவே இரண்டாம் ஆண்டின் இறுதி விடுமுறையில் பெற்றோரும் மகனும், அல்லது பெற்றோரும் மகளும், ஒரே கேள்வியைத் தங்களுக்குள் கேட்டுக்கொள்ள வேண்டும்: விளையாட்டு என்ற ஒன்றே இல்லாமற்போனாலும் ஐந்து ஆண்டுகள் அதிகாரியாகப் பணியாற்ற இந்தப் பிள்ளைக்கு விருப்பம் உண்டா? விடை "இல்லை" என்றால் அப்போதே விலகுவதுதான் நேர்மை. அந்த இடத்தில் வேறொருவர் அமர்ந்திருக்கலாம். அவருடைய கட்டளைக்குக் கீழே பின்னாளில் முப்பது பேர் நின்றிருக்கலாம்.

இரண்டாம் படி: உங்கள் ஆண்டுக்குரிய விதியைப் பத்திரத்தில் படியுங்கள்

இந்தத் துறையில் "பொதுவான விதி" என்று ஒன்று நிலையாக இருந்ததே இல்லை. சற்று விரிவாகச் சொன்னால்தான் இது விளங்கும்.

இரண்டாம் உலகப்போர்க் கால வெஸ்ட் பாயின்ட் அணியின் இரட்டை நட்சத்திரங்கள் டாக் பிளான்சார்டும் கிளென் டேவிஸும். கல்லூரிக் கால்பந்தின் உயர்ந்த விருதான ஹைஸ்மேன் கோப்பையை ஒருவர் 1945-லும் மற்றவர் 1946-லும் பெற்றார்கள். தொழில்முறையில் ஆடுவதற்கு விடுப்பு வேண்டும் என்று இருவரும் கேட்டபோது அரசு மறுத்துவிட்டது. 1963-ல் அதே கோப்பையை வென்ற கடற்படை அகாடமி வீரர் ரோஜர் ஸ்டாபாக், அன்றைய கடப்பாடான நான்கு ஆண்டுகளையும் முழுதாக நிறைவேற்றினார்; அதில் ஓராண்டு வியட்நாமில் கழிந்தது.

1986-ல் காற்று மாறியது. கடற்படை அகாடமிப் பட்டதாரி நெப்போலியன் மெக்கல்லம், லாங் பீச் துறைமுகத்தில் இருந்த பெலெலியூ என்ற கப்பலில் அதிகாரியாகப் பணியாற்றிக்கொண்டே, ஓய்வு நேரத்தில் லாஸ் ஏஞ்சலஸ் ரெய்டர்ஸ் அணிக்கு ஆட அனுமதி பெற்றார். அனுமதி கிடைத்தது கடற்படைச் செயலாளர் ஜான் லேமனின் காலத்தில். 1987-ல் அந்தப் பதவிக்கு வந்த ஜேம்ஸ் வெப் அன்னாபொலிஸில் படித்தவர், வியட்நாமில் போரிட்டவர். அவர் அந்த ஏற்பாட்டை நிறுத்தினார். மெக்கல்லம் எஞ்சிய பணியை முடித்துவிட்டு 1990-ல்தான் களத்துக்குத் திரும்ப முடிந்தது. லேமன் பதவியிலிருந்து போவதற்கு முன் எடுத்த மற்றொரு முடிவினால் ராபின்சனுக்கு முழுநேரப் பணி இரண்டு ஆண்டுகளாகக் குறைந்தது. கப்பலிலும் நீர்மூழ்கியிலும் பணியாற்ற முடியாத அளவு உயரமாகிவிட்டார் என்பது அதற்குக் காரணமாகச் சொல்லப்பட்டது. ஒரே கடற்படை, ஒரே காலம், இரண்டு வீரர்கள். விளைவுகள் வேறு வேறு.

2005-ல் தரைப்படை ஒரு மாற்றுப் பணித் திட்டத்தைக் கொண்டுவந்தது. அதன்படி அணியில் இடம்பெற்றவர் முதல் இரண்டு ஆண்டுகள் ஆடிக்கொண்டே ஆள்சேர்ப்புப் பணி செய்வார். பிறகும் அணியில் நீடித்தால், எஞ்சிய மூன்று ஆண்டு முழுநேரப் பணிக்கு ஈடாக ஆறு ஆண்டுகள் ரிசர்வில் இருப்பார். ஈராக்கிலும் ஆப்கானிஸ்தானிலும் போர் நடந்துகொண்டிருந்த நாட்கள் அவை. சக பட்டதாரிகள் போர்முனைக்குப் போகும்போது ஒருவர் மட்டும் மைதானத்துக்குப் போவது சரியா என்ற கேள்வியும், மற்றப் படைகளில் இல்லாத சலுகை தரைப்படைக்கு மட்டும் ஏன் என்ற கேள்வியும் எழுந்தன. 2008-ல் திட்டம் கைவிடப்பட்டது. கேம்ப்பெல்லின் கதை இங்கேதான் வருகிறது.

2016-ல் பாதுகாப்புச் செயலாளர் ஆஷ் கார்ட்டர், கடற்படை அகாடமி வீரர் கீனன் ரெனால்ட்ஸ் பணியைத் தள்ளிவைத்து பால்டிமோர் ரேவன்ஸ் அணிக்குச் செல்ல அனுமதித்தார். 2017-ல் அடுத்த செயலாளர் ஜேம்ஸ் மேட்டிஸ் அந்தக் கொள்கையை ரத்துசெய்து, குறைந்தது இரண்டு ஆண்டு முழுநேரப் பணி கட்டாயம் என்றார். அந்த ஆண்டு டிராஃப்ட் நடந்த வாரத்திலேயே விமானப்படை இதைத் தன் வீரர்களுக்குத் தெரிவித்தது. 2019-ல் அதிபர் டிரம்ப்பின் ஆணையைத் தொடர்ந்து பாதுகாப்புச் செயலாளர் மார்க் எஸ்பர், பணியைத் தள்ளிவைக்க மீண்டும் வழிசெய்தார். ஆயினும் ஒவ்வொரு விண்ணப்பத்துக்கும் பாதுகாப்புச் செயலாளரின் ஒப்புதல் தேவைப்பட்டது. 2022 டிசம்பரில் நாடாளுமன்றமே தலையிட்டது: கடப்பாட்டை முடிக்குமுன் தொழில்முறையில் ஆட ஒப்புக்கொள்வது, அதிகாரியாகப் பணியாற்றுவதாகத் தந்த உறுதிமொழியை மீறுவதாகும் என்று பாதுகாப்புச் சட்டத்தில் எழுதப்பட்டது. வெஸ்ட் பாயின்டின் ஆண்ட்ரே கார்ட்டர் போல, பழைய விதியை நம்பித் தங்கியிருந்தவர்களின் நிலை என்ன என்ற குரல் எழுந்தபின், 2021 ஜூன் 1-க்கு முன் அகாடமியில் சேர்ந்தவர்களுக்கு விலக்கு அளிக்கப்பட்டது.

பதினைந்து ஆண்டுகளுக்குள் ஐந்து திருப்பங்கள். ஓர் அகாடமி மாணவரின் படிப்புக் காலம் நான்கு ஆண்டுகள். அவர் சேரும்போது இருந்த விதி அவர் வெளியேறும்போது இருக்கும் என்று எண்ணுவதற்கு இந்த வரலாறு இடம் தரவில்லை. ஆகவே செய்தித் தலைப்பை நம்பாதீர்கள். பயிற்சியாளரின் வாய்மொழியையும் நம்பாதீர்கள். அவர் நல்லெண்ணத்தோடு சொன்னாலும், அவர் சொல்வது கடந்த ஆண்டின் விதியாக இருக்கலாம். நீங்கள் சேர்ந்த தேதியைக் குறித்துக்கொண்டு, அந்தத் தேதியில் சேர்ந்தவருக்கு எந்தச் சட்டப் பிரிவும் எந்தத் துறை ஆணையும் பொருந்துகின்றன என்பதை அகாடமியின் சட்ட அலுவலரிடம் எழுத்து வடிவில் கேட்டுப் பெறுங்கள். ஆண்டுக்கு ஒருமுறையாவது அதைப் புதுப்பித்துக்கொள்ளுங்கள்.

மூன்றாம் படி: உங்கள் விளையாட்டு எத்தனை ஆண்டு காத்திருக்கும்?

எல்லா விளையாட்டுகளும் ஒரே மாதிரி காத்திருப்பதில்லை. அமெரிக்கக் கால்பந்தில் ஓட்டக்காரரின் உச்சகாலம் குறுகியது; இருபத்தேழு வயதில் புதிதாக வருபவருக்கு அங்கே வாய்ப்பு மிகக் குறைவு. பந்தை எறியும் குவார்ட்டர்பேக் நெடுநாள் ஆடலாம். ஸ்டாபாக் 1969-ல் 27 வயதில் டல்லஸ் கவ்பாய்ஸ் அணிக்கு வந்து அமெரிக்கக் கால்பந்தின் இறுதிச் சாம்பியன் ஆட்டமான சூப்பர் போலில் இரண்டு பட்டங்களை வென்றது அதனால்தான் இயன்றது. தடுப்பு வரிசையில் நிற்கும் பெரிய உடல் கொண்டவர்களுக்கும் காலம் சற்றுத் தாராளமாக இருக்கிறது. விமானப்படை அகாடமியின் சாட் ஹென்னிங்ஸ் 1992-ல் 26 வயதில் டல்லஸ் அணியில் சேர்ந்து மூன்று சூப்பர் போல் வென்றார். வெஸ்ட் பாயின்டின் அலெஹாண்ட்ரோ வில்லனுவேவா ஆப்கானிஸ்தானில் மூன்று முறை பணியாற்றி, வீரத்துக்கான வெண்கல நட்சத்திரப் பதக்கம் பெற்றபின், 2014-ல் பிட்ஸ்பர்க் ஸ்டீலர்ஸ் அணியின் பயிற்சிக் குழுவில் இடம்பிடித்து, பின்னர் பருவத்தின் சிறந்த வீரர்களுக்கான புரோ போல் ஆட்டத்துக்கு இரண்டு முறை தேர்வானார்.

பேஸ்பாலில் கை முக்கியம். பந்து வீசுபவர் கீழ்நிலை லீக்குகளில் பல ஆண்டுகள் பக்குவப்பட வேண்டும். அந்த ஆண்டுகளைத்தான் பணி எடுத்துக்கொள்கிறது. கோல்ஃப் மிகவும் பொறுமையான விளையாட்டு. முப்பது வயதுக்குப் பின்னும் முழு வாழ்வு மிச்சம் இருக்கும். ஒலிம்பிக் சார்ந்த விளையாட்டுகளில் இருப்பவருக்குப் படையே ஒரு வழி வைத்திருக்கிறது: கொலராடோவின் ஃபோர்ட் கார்சனை மையமாகக் கொண்ட தரைப்படையின் உலகத்தர விளையாட்டு வீரர் திட்டம், தகுதி பெற்றவரைப் படைப்பணியில் இருந்தபடியே பயிற்சி பெற அனுமதிக்கிறது. விமானப்படையும் இதே பெயரில் ஒரு திட்டத்தை நடத்துகிறது. மினசோட்டா ட்வின்ஸ் அணி 2016-ல் மூன்றாம் சுற்றில் தேர்ந்தெடுத்த கிரிஃபின் ஜாக்ஸ் அந்தத் திட்டத்தைப் பயன்படுத்திக்கொண்டு, 2021-ல் பேஸ்பாலின் உச்ச நிலையான மேஜர் லீக்கில் ஆடிய முதல் விமானப்படை அகாடமிப் பட்டதாரி ஆனார்.

ஒரு தாளை எடுத்து, பட்டம் பெறும் வயதோடு ஐந்தைக் கூட்டுங்கள். அந்த வயதில் உங்கள் விளையாட்டில், உங்கள் இடத்தில், புதிதாக நுழைந்தவர் எத்தனை பேர் என்று தேடிப் பாருங்கள். மனம் ஏற்காவிட்டாலும் அந்த விடையை மாற்றி எழுதாதீர்கள்.

நான்காம் படி: அணி உங்கள் உரிமையை எப்படி வைத்திருக்கும் என்பதை அறியுங்கள்

டிராஃப்டில் தேர்ந்தெடுக்கப்படுவது வேலை கிடைத்ததற்குச் சமமன்று. உங்களோடு பேசும் உரிமை ஓர் அணிக்குக் கிடைக்கிறது, அவ்வளவே. கல்லூரியில் எத்தனை சிறப்பாக ஆடியிருந்தாலும், பணிக்குப் போகப்போகும் வீரரை அணிகள் பிந்திய சுற்றுகளில்தான் எடுப்பது வழக்கம். ஹைஸ்மேன் வென்ற ஸ்டாபாக்கை டல்லஸ் 1964-ல் பத்தாவது சுற்றில் எடுத்தது. ஹென்னிங்ஸ் 1988-ல் பதினோராவது சுற்று. இதை அவமதிப்பாக எண்ண வேண்டாம். காத்திருப்பதற்கு அணி தரும் விலை அது.

விதிவிலக்கு ராபின்சன். 1987-ல் சான் அன்டோனியோ ஸ்பர்ஸ் அவரை எல்லாருக்கும் முதலாவதாக எடுத்து, இரண்டு ஆண்டுகள் வெறும் இருக்கையோடு காத்திருந்தது. அவர் வருவதற்கு முந்தைய பருவத்தில் 21 ஆட்டங்களே வென்ற அணி, 1989-90 பருவத்தில் 56 ஆட்டங்களை வென்றது.

படைப்பணியில் உள்ள வீரரை அணியின் எண்ணிக்கையில் சேராத தனிப் பட்டியலில் வைக்கும் வசதி கால்பந்திலும் பேஸ்பாலிலும் உண்டு. கடற்படை அகாடமியின் பந்துவீச்சாளர் நோவா சாங்கை பிலடெல்பியா ஃபில்லீஸ் அணி 2022 டிசம்பரில் அவர் விமானப் பயிற்சியில் இருந்தபோதே எடுத்து, அத்தகைய பட்டியலில் வைத்தது. எனவே ஒப்பந்தம் பேசும்போது முகவரிடம் மூன்றைக் கேளுங்கள்: பணிக்காலத்தில் உரிமை யாரிடம் இருக்கும், எவ்வளவு காலம் இருக்கும், அந்தக் காலத்தில் பணம் ஏதேனும் வருமானால் அதைப் பெறப் படைவிதி இடம் கொடுக்கிறதா. மூன்றாவது கேள்விக்கு விடை முகவரிடம் இருக்காது. அதைப் படையின் சட்ட அலுவலரிடம்தான் கேட்க வேண்டும்.

ஐந்தாம் படி: பணிப்பிரிவைத் தேர்ந்தெடுக்கும்போது ஆண்டுக் கணக்கைப் பாருங்கள்

எல்லாப் பிரிவுக்கும் ஐந்து ஆண்டு என்று எண்ணுவது பெரும் தவறு. விமானப்படையில் விமானியாகும் ஒருவர், பயிற்சி முடிந்த நாளிலிருந்து பத்து ஆண்டுகள் பணியாற்ற வேண்டும். அந்தப் பயிற்சியை ஏற்ற நாளிலேயே பெரும்பாலான விளையாட்டுக் கனவுகள் கணக்கிலிருந்து விலகிவிடுகின்றன. ஹென்னிங்ஸ் ஏ-10 போர்விமானி. வளைகுடாப் போருக்குப் பின் வட ஈராக் வானில் 45 முறை பறந்தவர். பனிப்போர் முடிந்து படையின் அளவு குறைக்கப்பட்டதால்தான் 1992-ல் அவர் முன்கூட்டியே விடுவிக்கப்பட்டார். வரலாறு அவருக்கு உதவியது. வேறொருவர் அதை எதிர்பார்க்க இயலாது.

ஆனாலும், விளையாட்டுக்காக மட்டும் எளிதான பிரிவைத் தேடுவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். ஸ்டாபாக்குக்கு நிறக்குருடு இருந்ததால் அவர் வழங்கல் பிரிவுக்குச் சென்றார். வியட்நாமிலும் அங்கேதான் பணியாற்றினார். ராபின்சன் ஜார்ஜியாவின் கிங்ஸ் பே நீர்மூழ்கித் தளத்தில் கட்டடப் பொறியியல் பணியில் இருந்தார். இருவருமே தத்தம் உடல்நிலை அனுமதித்த இடத்தில் முழுமனத்தோடு உழைத்தவர்கள். வில்லனுவேவாவோ எளிதான வழியை நினைக்கவே இல்லை. தரைப்படையின் சிறப்புப் பிரிவான ரேஞ்சர் படையில் சேர்ந்தார். ஒரு படைக்குழுவின் வீரர்கள் தங்கள் இளம் அதிகாரியின் கவனம் தங்கள்மேல் இருக்கிறதா, அடுத்த ஆண்டின் முகாம்மேல் இருக்கிறதா என்பதை ஒரு வாரத்தில் கண்டுகொள்வார்கள். அவர்களுக்கு அந்தக் கவனம் உயிர் சம்பந்தப்பட்டது.

ஆறாம் படி: பணிக்காலத்தில் உடலையும் கையையும் காத்தல்

இங்கே விளையாட்டும் படையும் உடலிடம் கேட்பவை வேறுபடுகின்றன. கால்பந்தின் தடுப்பு வரிசையில் நிற்பவருக்கு 130 கிலோவுக்கு மேல் எடை வேண்டும். படை அதிகாரிக்கு எடை வரம்பும் ஓட்டத் தேர்வும் உண்டு. ஆகவே இறுதிப் பருவம் முடிந்ததும் எடையைக் குறைத்துப் பதவியேற்று, பணி முடிந்தபின் மீண்டும் எடையேற்றும் நிலை வரும். இதை அவசரமாகச் செய்தால் முழங்காலும் இதயமும் பாதிக்கப்படும். பணியின் கடைசி ஆறு மாதத்தில் மருத்துவரின் கண்காணிப்பில் படிப்படியாகச் செய்வதே முறை. பதவியேற்புக்கு முன் ஏற்படும் பெரிய காயம் அதிகாரிப் பதவிக்கே தடையாகலாம் என்பதையும் மறக்க வேண்டாம்.

பயிற்சியைப் பொறுத்தவரை, முழுப் பயிற்சிக்கு ஏங்குவதைவிட ஒரு திறனையேனும் விடாமல் பிடித்துக்கொள்வது பயனளிக்கும். ஸ்டாபாக் வியட்நாமில் பந்தை எறிந்து பழகினார். 1968-ல் தமக்குரிய விடுப்பை எடுத்துக்கொண்டு டல்லஸ் அணியின் பயிற்சி முகாமுக்குச் சென்றார். விடுப்பைச் சுற்றுலாவுக்குச் செலவிடாமல் இப்படிச் சேர்த்துவைப்பது இன்றைக்கும் பொருந்தும். கப்பலிலோ பாலைவன முகாமிலோ இருப்பவர் தமது துறைக்கேற்ற ஒரு சிறிய பயிற்சியை, வாரத்தில் நான்கு நாட்கள், அரைமணி நேரம் என்று வகுத்துக்கொள்ளட்டும். பணி நெருக்கும் நாளில் அதை விட்டுவிடட்டும்.

ஏழாம் படி: விடுவிப்பு விண்ணப்பம்

உங்கள் ஆண்டுக்குரிய விதி முன்விடுவிப்புக்கோ ரிசர்வுக்கு மாறுவதற்கோ இடம் தருமானால், விண்ணப்பம் உங்கள் நேரடி மேலதிகாரியிடமிருந்து தொடங்கிப் படிப்படியாக மேலே செல்லும். அந்த வரிசையைத் தாண்டி, அணியின் செல்வாக்கையோ நாடாளுமன்ற உறுப்பினரையோ முதலில் நாடுவது உங்கள் பெயரைக் கெடுக்கும். விண்ணப்பத்தில் மூன்று செய்திகள் தெளிவாக இருக்க வேண்டும்: அணியின் உறுதியான ஒப்பந்த முன்மொழிவு, இதுவரை நிறைவேற்றிய பணியின் விவரம், எஞ்சிய கடப்பாட்டை எந்த வடிவில் எத்தனை ஆண்டுகளில் தீர்ப்பீர்கள் என்ற திட்டம். ஆள்சேர்ப்புக்கு உதவுவேன் என்ற பொதுவான வாக்குறுதியால் பெரிய பயனில்லை. பருவம் இல்லாத மாதங்களில் எந்தப் பணிக்கு வரத் தயார் என்று எழுதுங்கள்.

பதில் வரும்வரை எந்த ஒப்பந்தத்திலும் கையெழுத்திடாதீர்கள். 2022 சட்டத்தின்படி அந்தக் கையெழுத்தே மீறலாகிவிடும். கல்விச் செலவைத் திருப்பிக் கேட்கவும் அரசுக்கு வழியுண்டு. மேலே சொன்ன பந்துவீச்சாளர் சாங் முதலில் 2019-ல் பாஸ்டன் ரெட் சாக்ஸ் அணியால் எடுக்கப்பட்டார். அடுத்த ஆண்டு விமானப் பயிற்சிக்குச் சென்றார். 2023 பிப்ரவரியில்தான் முழுநேரப் பணியிலிருந்து ரிசர்வுக்கு மாற்றப்பட்டார். நடுவே மூன்று பருவங்கள். இந்த அளவு காத்திருக்க மனத்தைத் தயார்செய்துகொண்டு எழுதுங்கள்.

எட்டாம் படி: ரிசர்வில் இருந்துகொண்டு ஆடுதல்

ரிசர்வ் பணி என்பது பொதுவாக மாதத்தில் ஒரு வார இறுதி, ஆண்டில் இரண்டு வாரம். கால்பந்து ஆட்டங்கள் பெரும்பாலும் ஞாயிற்றுக்கிழமைகளில் நடப்பதால் செப்டம்பர் முதல் ஜனவரி வரை இரண்டும் மோதும். பருவம் தொடங்குவதற்கு முன்பே ரிசர்வ் பிரிவின் அதிகாரியோடு அமர்ந்து, அந்த மாதங்களின் பயிற்சிநாட்களை வேறு நாட்களுக்கு மாற்ற முடியுமா என்று பேசி, முடிவை எழுத்தில் பெற வேண்டும். கடற்படை அகாடமியின் ஜோ கார்டோனா இதற்கு நல்ல முன்னுதாரணம். நியூ இங்கிலாந்து பேட்ரியாட்ஸ் அணி 2015-ல் ஐந்தாம் சுற்றில் எடுத்த அவர், கடற்படை அதிகாரியாகப் பணியைத் தொடர்ந்துகொண்டே இரண்டு சூப்பர் போல் வெற்றிகளில் பங்கேற்றார்.

ஓர் எச்சரிக்கை: சீருடையையும் பதவியையும் வணிக விளம்பரத்துக்குப் பயன்படுத்தக் கூடாது. காலணி நிறுவனம் ஒன்று "லெஃப்டினன்ட்" என்ற சொல்லோடு படமெடுக்க விரும்பினால், முதலில் சட்ட அலுவலரின் ஒப்புதலைப் பெறுங்கள். பணத்தைப் பற்றியும் சுருக்கமாக ஒன்று: முதல் பருவத்து வருமானத்தை நிலையானதென்று எண்ணி வீடு வாங்க வேண்டாம். அணி எந்த வாரமும் விடுவிக்கலாம். அந்த வாரமே நீங்கள் இளநிலை அதிகாரியின் ஊதியத்துக்குத் திரும்ப நேரிடலாம்.

ஒன்பதாம் படி: மறுக்கப்பட்டால்

மறுப்பு வரும் என்ற எண்ணத்தோடுதான் முதல் படியிலிருந்தே நடந்து வந்திருக்கிறோம். பிளான்சார்டுக்கு மறுப்பு வந்தது; அவர் விமானியாகி, வியட்நாமில் பறந்தார்; தொழில்முறைக் கால்பந்தில் ஓர் ஆட்டமும் ஆடவில்லை. டேவிஸ் பணியை முடித்து 1950-ல் லாஸ் ஏஞ்சலஸ் ராம்ஸ் அணிக்கு வந்தார். பழைய முழங்கால் காயத்தால் இரண்டு பருவங்களே ஆட முடிந்தது.

கோல்ஃப் வீரர் பில்லி ஹர்லி 2004-ல் கடற்படை அகாடமியில் பட்டம் பெற்றவர். முன்கூட்டி விடுவிக்குமாறு அவர் கேட்டது ஏற்கப்படவில்லை. சங் ஹூன் என்ற போர்க்கப்பலில் பணியாற்றி, ஐந்து ஆண்டுகளை முடித்து, 2009-ல் வெளியே வந்தார். சிறிய போட்டிகளிலிருந்து மீண்டும் தொடங்கினார். 2016-ல் வாஷிங்டன் அருகிலுள்ள காங்கிரஷனல் மைதானத்தில் நடந்த, கோல்ஃபின் முதன்மைத் தொழில்முறைத் தொடரான பி.ஜி.ஏ.-வின் போட்டியை வென்றார். பேஸ்பால் பந்துவீச்சாளர் மிட்ச் ஹாரிஸை செயின்ட் லூயிஸ் கார்டினல்ஸ் 2008-ல் பதின்மூன்றாம் சுற்றில் எடுத்தது. ஏறத்தாழ ஐந்து ஆண்டுகள் கடலில் கழிந்தன. திரும்பி வந்தபோது கை பழைய வேகத்தை இழந்திருந்தது. கீழ்நிலை லீக்கில் தம்மைவிட மிக இளையவர்களோடு ஆடி அந்த வேகத்தை மீட்டார். 2015 ஏப்ரலில், 29 வயதில், மேஜர் லீக்கில் முதன்முதலாகப் பந்து வீசினார். கடற்படை அகாடமிப் பட்டதாரி ஒருவர் மேஜர் லீக்கின் பந்துவீசும் மேட்டில் நின்று 94 ஆண்டுகள் ஆகியிருந்தன.